காய்ச்சலும் பாய்ச்சலும்: உழவர்கள் ஏன் பின்வாங்கினார்கள்?

வணக்கம் ஐயா. செங்குன்றத்தில் அரிசி மொத்தக் கடை நடத்தும் நீங்கள், காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலில் எப்போதும் நீர் நிறுத்தாமல் இடையிடையே காயவிட்டு நீர் பாய்ச்சி விளைவித்த நெல்லுக்கு மூட்டைக்கு 40 ரூபாய் கூடுதலாகத் தந்தும், பொன்னேரிப் பக்கத்து உழவர்கள் ஒரே போகத்தோடு நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் மீது வருத்தப்பட வேண்டாம். அவர்கள் போட்ட கணக்கு சரியானதே.

தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால், நீரைக் குறைத்தாலும் உழவர் கையில் காசு மிஞ்சுவதில்லை; களை கூடுமோ என்ற அச்சமும் கூடுதல் கவனிப்பும்தான் அவருக்கு மிஞ்சுகின்றன. நீர் தேங்கிய வயலில் உருவாகிப் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு குறைந்த பெருமையோ உங்கள் மூட்டையின் மேல் அச்சாகிறது.

ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் நிலைகளை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டில் இது, பொருளாதார அறிஞர் ஸ்டாக்கல்பெர்க் 1934இல் வகுத்த தலைவர்-தொடர்வோர் ஆட்டம். முதலில் நகர்பவர் பின்னர் மாற்ற முடியாதபடி வாக்குக் கொடுத்தால்தான் அடுத்தவர் அதை நம்பித் தம் முடிவை எடுப்பார். நீங்களோ கூடுதல் விலையை அறுவடைக்குப் பிறகு, அதுவும் ஆலைக்காரர் கை வழியாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே, நாற்று விடும் முன்பே விலையை உழவரிடம் நேரடியாக எழுதிக் கொடுங்கள். மூன்று போகத்துக்கு எழுதினால் இன்னும் நல்லது. ஒரே முறை ஆடும் ஆட்டத்தில் வாக்குத் தவறுவது லாபம், தொடரும் ஆட்டத்தில் அதுவே நட்டம். களையெடுப்புச் செலவில் ஒரு பங்கை முன்பணமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

வயலைச் சரியாகக் காயவிடுகிறார்களா என்று சரிபார்க்க, துளையிட்ட ஓரடி பிளாஸ்டிக் குழாய் போதும். அதை வயலில் பதித்து, உள்ளே நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்ச வேண்டும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. பக்கத்து வயலில் நீர் நின்றால் வரப்பு வழியே கசியும் என்பதால், ஒரே மடையில் பாயும் அனைவரையும் சேர்த்தே ஒப்பந்தம் பேசுங்கள்.