பொய்முடித் தூளும் பீங்கானும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பியப் பீங்கானைக் கண்டுபிடித்த பியோட்கர் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். தங்கம் செய்ய முயன்றவர், தம் பொய்முடியில் தூவிய வெள்ளைத் தூள் வழக்கத்தைவிடக் கனமாக இருந்ததைக் கவனித்து, தற்செயலாகப் பீங்கானை அடைந்தார் என்று படித்தேன். பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாமே அதிர்ஷ்டம்தானா? மன்னர் சிறைவைத்திராவிட்டால் அவர் இதைச் சாதித்திருப்பாரா?

ர.

அன்புள்ள ர.,

சில வாரங்களாக நான் படித்துக்கொண்டிருப்பதும் பியோட்கர் வேலைசெய்த, ஜெர்மனியின் சாக்ஸனியிலிருந்த அந்தச் சூளைகளைப் பற்றித்தான். இத்தகைய விஷயத்தை எடுத்துக்கொண்டு உட்காரும் பொறுமை உங்களுக்கு இருக்கிறது. அந்த உரிமையில்தான் கடிந்துகொள்கிறேன். பொய்முடிக் கதையை முதலில் நீக்குங்கள். அந்தத் தூள் என்று கதை சொல்லும் ஆவே ஊரின் வெண்மண், மைசன் நகரில் மன்னர் தொடங்கிய பீங்கான் ஆலைக்குப் பின்னாளில் வந்தது உண்மை; ஆனால் அதற்கு முன்பே கோல்டிட்ஸ் ஊர் மண்ணில் வெள்ளைப் பீங்கான் சுட்டெடுக்கப்பட்டுவிட்டது.

16ஆம் நூற்றாண்டில் ஃப்ளோரன்ஸின் மெடிச்சிகள் தொடங்கி ஐரோப்பியர் பலரும் களிமண்ணோடு கண்ணாடிப் பொடியைக் கலந்துகொண்டிருந்தார்கள். பார்வைக்குச் சீனப் பீங்கான் போலிருந்த அந்தப் பாத்திரங்களுக்கு அதன் உறுதி இல்லை. உருகாத வெண்மண்ணை, கடும் வெப்பத்தில் அதை இறுகவைக்கும் இன்னொரு கனிமத்தோடு சேர்த்துச் சுட வேண்டும் என்பதே அவர்களுக்கு எட்டாத சூட்சுமம். சிர்ன்ஹவுஸ் என்ற கணித அறிஞர், பியோட்கர் சாக்ஸனியின் தலைநகரான டிரெஸ்டனுக்கு வருவதற்கு முன்பே, பெரிய கண்ணாடி வில்லைகளால் சூரிய ஒளியைக் குவித்து மண்வகைகளையும் தாதுக்களையும் உருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் கடிதத்தில் அவர் பெயரே இல்லையே!

1708 ஜனவரி 15 தேதியிட்ட ஆய்வுக்குறிப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஏழு கலவைகள். முதலாவது வெறும் களிமண். மற்ற ஆறில் அந்த இன்னொரு கனிமமாக அலபாஸ்டர் என்ற மென்மையான வெள்ளைக் கல்; நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு என்பதில் தொடங்கி ஒன்பதுக்கு ஒன்று வரை அலபாஸ்டர் படிப்படியாகக் குறைகிறது. அலபாஸ்டர் மிகுந்தவை சூளையில் சரிந்துவிட்டன. ஒன்று வடிவம் காத்தும் நிறம் கெட்டது. கடைசி மூன்றும் வெண்மையாக, ஒளி ஊடுருவும்படி வெளிவந்தன. விகிதத்தை ஒவ்வொரு பங்காக மாற்றிச் சுட்டுப் பார்த்தவர்களின் வேலையைத் தற்செயல் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அதிலும் அது ஒருவரின் வேலையன்று. ஃப்ரைபெர்க் சுரங்கத்திலிருந்து வந்த ஆட்கள் நெருப்பைக் காத்தார்கள். சிர்ன்ஹவுஸ் அவ்வாண்டு அக்டோபரில் இறந்தார்; 1709 மார்ச்சில் பீங்கான் செய்துவிட்டதாக மன்னருக்குச் செய்தி சொன்னவர் பியோட்கர். புகழ் உயிரோடிருந்தவருக்குப் போயிற்று.

சிறை பற்றிய கேள்வியில் எனக்கு ஈடுபாடில்லை. பியோட்கரைச் சிறைவைத்த மன்னர் அகஸ்டஸ், மைசன் ஆலை தொடங்கி ஏழாண்டுகள் கழித்தும், 151 சீனப் பீங்கான்களுக்காக 600 குதிரைப்படை வீரர்களைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்தவர். அவர் ஒரு மனிதரைப் பூட்டிவைத்ததில் பெருமைப்பட எதுவுமில்லை. பியோட்கர் 37 வயதில் இறந்தார்.

கட்டுரையின் முதல் பத்தியிலேயே சிர்ன்ஹவுஸ் வரட்டும். திருத்தியதும் அனுப்புங்கள், படிக்கிறேன்.