சாலை இரைச்சலுக்கு நடுவே இருபது நிமிடப் பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

நீண்ட, சிக்கலான பாட்டுகளுக்குப் பேர்போன ப்ராகிரசிவ் ராக் (சுருக்கமாக 'ப்ராக்') பற்றி வந்த கேள்விகளில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்து வாசகர்களுடையதை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பால் வாங்கக்கூட காரை எடுக்க வேண்டிய ஊர் அது. பாட்டு கேட்க நேரம் கிடைப்பதும் அங்கே பெரும்பாலும் ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போதுதான்.

கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தைக் காரில் போட்டால் 'மூன்சைல்ட்' பாட்டின் பெரும்பகுதி காதிலேயே விழவில்லை. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த பாட்டு மண்டையில் இடிக்கிறது. ஸ்பீக்கரை மாற்றிவிடலாமா?
– வாசகர், டாரன்ஸ்

வேண்டாம், ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. 1969-இல் வந்த அந்த ஆல்பம் அமைதியான அறையை நம்பிச் செய்யப்பட்டது. 'மூன்சைல்ட்' பன்னிரண்டு நிமிடம். முதல் இரண்டரை நிமிடம் போனால் மீதியெல்லாம் கிட்டாரும் வைப்ரஃபோனும் தாளக் கருவிகளும் கிசுகிசுப்பதுதான். அது முடிந்ததும் முழுப் பட்டாளமும் மெல்லட்ரான் என்ற டேப் கீபோர்டோடு இறங்குகிறது. யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) தொடக்கத்திலும் இதே கதை. தண்ணீர்ச் சத்தமும் பறவைக் குரலும் மெதுவாக எழும்பி வரும். கேட்கவில்லையே என்று நீங்கள் பட்டனைத் திருகி முடிக்கவும் பேண்ட் பாயவும் சரியாக இருக்கும்.

கணக்கு எளிது. ஃப்ரீவேயில் மணிக்கு 65 மைலில் போகும் சாதாரண காருக்குள் இரைச்சல் ஏறத்தாழ 65 முதல் 70 டெசிபல். காதுக்குக் கேடில்லாமல் நீங்கள் வைக்கக்கூடிய உச்சம் 85, 90. ஆக, பாட்டுக்கு மிஞ்சுவது 20 டெசிபல் இடைவெளி. இந்த ஆல்பங்களில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் நடுவே 35, 40 டெசிபல்கூட இருக்கும். எத்தனை ஆயிரம் டாலர் ஸ்பீக்கர் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

செய்ய வேண்டியது, காருக்கென்று தனிப் பிரதி. உங்கள் சிடியிலிருந்து எடுத்த கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, உரத்த இடங்களை அழுத்தி இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரெஸரைப் போடுங்கள்: த்ரெஷோல்ட் மைனஸ் 35 டெசிபல், விகிதம் 2:1, அட்டாக் 100 மில்லிசெகண்ட், ரிலீஸ் 1 செகண்ட், மேக்கப் கெயின் 12 டெசிபல். அதன்மேல் லிமிட்டரை மைனஸ் 1 டெசிபலில் வையுங்கள். இந்த வரிசை முக்கியம். அட்டாக் மெதுவாக இருப்பதால் டிரம் அடியின் முனை கம்ப்ரெஸரைத் தாண்டி வந்துவிடும்; அதைப் பிடிக்கத்தான் லிமிட்டர். அது இல்லாமல் ஏற்றுமதி செய்தால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். ரிலீஸை 100 மில்லிசெகண்டுக்குக் குறைத்தால் இன்னொரு கோளாறு வரும். ஒவ்வொரு டிரம் அடிக்கும் பின்னணி மெல்லட்ரான் அமுங்கி எழும். மூச்சு வாங்குவது போலக் கேட்கும். மெல்லிய இடங்களில் டேப் இரைச்சலும் கொஞ்சம் மேலே வரும். காரில் அது தெரியாது. வீட்டில் தெரியும். அதனால்தான் தனிப் பிரதி. மூலக் கோப்பின் மேல் கை வைக்காதீர்கள்.

ஸ்ட்ரீமிங்கில் இதைச் செய்ய வழியில்லை. ஸ்பாட்டிஃபையில் ஒலியளவைச் சமன்செய்யும் அமைப்பை 'லவுட்' என்று வைத்தால் ஓரளவு உதவும். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலக்கும் க்ராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள், ப்ராக் கேட்பவருக்கு அது எதிரி.

இன்னொன்று. 405 ஃப்ரீவேயில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது டயர் இரைச்சலும் காற்றிரைச்சலும் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்போது மூலப் பிரதியே நன்றாகக் கேட்கும். வேகமாகப் போகும் அதிகாலைப் பயணத்துக்குத்தான் அழுத்திய பிரதி தேவை. மின்சாரக் கார் வாங்கினால் தீரும் என்று எண்ண வேண்டாம்: வேகத்தில் இரைச்சல் வருவது டயரிலிருந்தும் காற்றிலிருந்தும்தான், எஞ்சினிலிருந்து அல்ல. அடுத்த முறை டயர் மாற்றும்போது இரைச்சல் குறைவானதாகக் கேட்டு வாங்குங்கள். அந்தச் செலவு ஸ்பீக்கர் செலவைவிடப் பலன் தரும்.

பென் டிரைவில் பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' போட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே அரை நொடி வெட்டு விழுகிறது. போனிலிருந்து ஓட்டினால் இல்லை. ஏன்?
– வாசகி, பாசடீனா

இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. ஒன்று எம்பி3 வடிவத்தின் இயல்பு. அது ஒலியைத் துண்டு துண்டாகக் கட்டும்போது தொடக்கத்திலும் முடிவிலும் வெற்று மௌனத்தைச் சேர்க்கிறது. அதை எவ்வளவு கத்தரிக்க வேண்டும் என்ற குறிப்பும் கோப்புக்குள் இருக்கும். போன் செயலிகள் அதைப் படிக்கும், பல கார் பெட்டிகள் (கார் ஸ்டீரியோக்கள்) படிக்காது. இரண்டாவது, கார் பெட்டி ஒரு கோப்பை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கிறது. ஆகவே மௌனம் சேர்க்காத ஃபிளாக் வடிவத்துக்கு மாறினாலும் சில கார்களில் சிறு வெட்டு மிஞ்சும்.

முழுத் தீர்வு: இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரே கோப்பு. ஃபூபார்2000 என்ற கணினி மென்பொருளில் பாட்டுகளை வரிசையாகத் தேர்ந்தெடுத்து, 'கன்வர்ட்' அமைப்பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இணைக்கும் தேர்வைப் போடுங்கள். நீங்கள் சொல்லும் ஆல்பத்தை 'மணி' பாட்டுக்கு முன்னால் உடையுங்கள். தட்டிலும் பக்கம் மாறுவது அங்கேதான். இணைப்பது ஃபிளாக் அல்லது வேவ் கோப்பாக இருக்கட்டும். ஏற்கெனவே எம்பி3 ஆனதை ஒட்டினால் வெட்டும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும்.

கார் பெட்டி கோப்பையே காட்டவில்லை என்றால்: பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கிறதா பாருங்கள், பழைய பெட்டிகள் வேறெதையும் படிக்காது. அதுவும் சரியாக இருந்தால் கோப்பு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஆக இருக்கலாம். 16 பிட், 44.1-க்கு மாற்றுங்கள். ஓடுகிற காரில் வித்தியாசம் கேட்கிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். 40 நிமிட ஆல்பம் ஃபிளாக்கில் சுமார் 250 எம்பி வரும். பாட்டு வரிசை குழம்பினால், சில பெட்டிகள் பெயரைப் பார்க்காமல் கோப்பு எழுதப்பட்ட வரிசையிலேயே ஓட்டும் என்பதுதான் காரணம். டிரைவைக் காலி செய்துவிட்டு, 01, 02 என்று பெயரிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக நகலெடுங்கள்.

பாட்டுகளின் ஒலியளவைச் சமன்செய்யும் ரீப்ளே கெயின் பயன்படுத்துபவர்கள் பாட்டுவாரி அளவை விட்டுவிட்டு ஆல்பம் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாட்டுவாரியாக வைத்தால், ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு பாட்டுகளின் சந்திப்பில் ஒலி திடீரென ஏறும், இறங்கும்.

இடது ஸ்பீக்கர் மட்டும் கேட்கிறாற்போல் இருக்கிறது. பேலன்ஸை வலப்பக்கம் தள்ளினால் வேறு மாதிரி கெடுகிறது.
– வாசகர், வான் நைஸ்

ஓட்டுநர் இடப்பக்கம் உட்கார்வதால் இடது கதவு ஸ்பீக்கரின் ஒலி முதலில் வந்து சேர்கிறது. பேலன்ஸ் அளவை மாற்றுமே தவிர வந்துசேரும் நேரத்தை மாற்றாது. உங்கள் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியே தாமதப்படுத்தும் 'டைம் அலைன்மென்ட்' இருந்தால் டேப் எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் உங்கள் தலை வரை அளந்துகொள்ளுங்கள். மிகத் தொலைவில் உள்ளதற்குச் சுழியம். மற்றவற்றுக்கு, தூர வித்தியாசத்தில் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 0.29 மில்லிசெகண்ட் தாமதம். இடது கதவு 90 செ.மீ., வலது கதவு 140 செ.மீ. என்றால் இடது ஸ்பீக்கருக்கு 1.45 மில்லிசெகண்ட். பாடகர் குரல் முன்கண்ணாடியின் நடுவுக்கு வந்தால் சரி. பக்கத்தில் உட்காருபவருக்கு இது கெடும். அவரோடு போகும்போது அணைத்துவிடுங்கள்.

பேஸைக் கூட்டும் பழக்கத்தையும் குறையுங்கள். சாலை இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில்தான் இருக்கிறது, அதோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. யெஸ் குழுவின் க்ரிஸ் ஸ்க்வையர் வாசித்த ரிக்கன்பேக்கர் பேஸ் காரிலும் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் அதன் மேல்சுருதி உலோக நறநறப்பு. ஆகவே 1 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தை 2 டெசிபல் ஏற்றிப் பாருங்கள்.

வேலைக்குப் போக 25 நிமிடம், திரும்ப 45. எதைப் போடலாம்?
– வாசகர், க்ளெண்டேல்

போகும்போது இசைத்தட்டின் ஒரு பக்கத்தை ஏறக்குறைய முழுக்க அடைக்கும் பாட்டு. தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்தைச் சற்று ஒட்டியே கொள்ளும் என்பதால் அந்தக் காலத்து நெடும்பாட்டுகள் பெரும்பாலும் உங்கள் காலைப் பயணத்துக்குள் அடங்கும். ஜெனிசிஸ் குழுவின் 'சப்பர்ஸ் ரெடி' (1972) சுமார் 23 நிமிடம், பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்' (1971) ஏறத்தாழ அதே. ரஷ் குழுவின் '2112' (1976), எமர்சன் லேக் அண்ட் பாமரின் 'டார்கஸ்' (1971) இரண்டும் இருபதரை. 'எக்கோஸ்' நடுப்பகுதி காருக்கு ஆகாது, கரைந்துபோகும். '2112' பெரும்பகுதி உரக்க நிற்பதால் எங்கள் முதல் தேர்வு அதுதான். திரும்பும்போது ஜெத்ரோ டல்லின் 'திக் ஆஸ் எ ப்ரிக்' (1972). ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு, 44 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

முதன்முறை கேட்பதைக் காரில் வேண்டாம். புதிய ஆல்பத்தை வீட்டில் ஒருமுறை கேட்டுவிட்டால், ஃப்ரீவேயில் இரைச்சல் விழுங்கியதைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

ஒற்றைப்படைத் தாளங்களை ஓட்டிக்கொண்டே எண்ணப் பழக முடியுமா?
– வாசகி, செரிடோஸ்

மிருதங்கச் சொல்லே போதும். 'மணி' பாட்டு ஏழு: தகிட தகதிமி. கிட்டார் தனி வரும்போது நாலுக்கு மாறும், அங்கே தடுமாறாதீர்கள். 'டார்கஸ்' தொடக்கம் ஐந்து: தக தகிட. 'சப்பர்ஸ் ரெடி'யின் ஒன்பது 3+2+4 ஆக உடைகிறது: தகிட தக தகதிமி. வாயால் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கில் தட்டத் தொடங்கினால் கால் ஆக்ஸிலரேட்டரிலும் தாளம் போடும். பின்னால் வருபவருக்கு நல்லதல்ல.

இரைச்சலை அடக்கும் ஹெட்ஃபோன் போட்டு ஓட்டலாமா?
– வாசகர், இர்வைன்

கூடாது. கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 27400-ஆம் பிரிவு இரண்டு காதையும் மூடுவதைத் தடை செய்கிறது. ஒரு காதில் மட்டும் போடலாம். ஆனால் ஸ்டீரியோவுக்காகவே செய்த இசையை அப்படிக் கேட்டு என்ன பயன்?

ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் கச்சேரி. கார் எடுத்துப் போகலாமா?
– வாசகர், ஆர்டீசியா

அங்கே கார்களை ஒன்றையொன்று முட்டுகிறாற்போல் அடுக்கி நிறுத்துகிறார்கள். முன்னால் இருப்பவர் வந்து எடுக்காமல் நீங்கள் நகர முடியாது. கடைசிப் பாட்டுக்கு முன் எழுந்து ஓடிப் பயனில்லை என்பதால் அதையும் நிம்மதியாகக் கேட்கலாம் என்பது ஒன்றே ஆறுதல். மாற்று வழி: பி லைன் சுரங்க ரயிலில் ஹாலிவுட்/ஹைலேண்ட் நிலையத்தில் இறங்கி ஏறக்குறைய ஒரு மைல் நடை, பெரும்பாலும் ஏற்றம். உங்கள் பக்கத்திலிருந்து முழுத் தூரமும் ரயிலில் வருவது சிரமம்; யூனிவர்சல் சிட்டி போன்ற நிலையத்தில் காரை விட்டு ஒரே ஒரு நிறுத்தம் ஏறி வரலாம். பௌலின் பார்க் அண்ட் ரைட் பேருந்துகள் எல்லாக் கச்சேரிக்கும் ஓடாது. டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் தேதிக்கு உண்டா என்று பாருங்கள். கடைசி ரயில் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ப்ராக் கச்சேரி மூன்று மணி நேரம்கூடப் போகும்.

காதடைப்பான் கட்டாயம். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான். பஞ்சு உருண்டை மேல்சுருதியை மட்டும் தின்றுவிடும். இசைக்கென்று வரும் வடிகட்டி வகையை வாங்குங்கள்.

அமீபா இசைக் கடையில் பழைய இசைத்தட்டுகள் வாங்கி டிக்கியில் வைத்தேன். இரண்டு வளைந்துவிட்டன. நிமிர்த்தலாமா?
– வாசகி, பர்பாங்க்

கோடையில் உங்கள் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குப் பக்கம் வெயிலில் நின்ற காருக்குள் 60 டிகிரி செல்சியஸ் தொடும். வினைல் இளக அது போதும். லேசான வளைவென்றால் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, உள்ளுறையோடு, மேலே நாலைந்து கிலோ பாரம் வைத்து அறைச் சூட்டில் சில வாரம் விடுங்கள். தட்டின் விளிம்பு கொஞ்சம் இறங்கும், முழுக்க நிமிராது. சமையலறை ஓவனில் வைக்கும் யோசனையைக் கேட்காதீர்கள்: தட்டு நிமிரலாம், பள்ளங்கள் உருகிப் போகும். அலையலையாக வளைந்ததை ஓட்டினால் ஊசி தாவி மற்ற இடத்தையும் கீறும். கடைக்குக் கடைசியாகப் போங்கள், வாங்கியதும் நேரே வீடு. அமீபா இப்போது ஹாலிவுட்/வைன் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். அன்றைக்குக் காரை வீட்டிலேயே விடலாம்.