மெட்ராஸ் ஐ: வராமல் தடுக்கச் சொட்டு மருந்து உண்டா?

கேள்வி: என் கணவருக்கு மூன்று நாள்களாக மெட்ராஸ் ஐ. அவருக்குக் கொடுத்த சொட்டு மருந்தையே, பரவாமல் இருப்பதற்காக எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் விடும்படி மருந்துக்கடையில் சொல்கிறார்கள். மகனுக்கு அடுத்த வாரம் தேர்வு. விடலாமா? (ஒரு வாசகி, தாம்பரம்)

பதில்: விட வேண்டாம். இந்நோய் வராமல் தடுக்கும் சொட்டு மருந்து என்று ஒன்று இல்லை. இது பெரும்பாலும் அடினோ வைரஸ் போன்றவற்றால் வருவது. ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. மேலும், கணவரின் இமையில் பட்ட குப்பி முனையைப் பிள்ளைகளின் கண்ணருகே கொண்டுபோனால், நோயை நீங்களே அவர்களுக்குக் கொடுத்தவர் ஆவீர்கள்.

என்னை அதைவிட அதிகம் கவலைப்பட வைப்பது அந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்பதுதான். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், ஃபுளோரோமெத்தலோன் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு ஒரே இரவில் குறைவதால் கடைக்காரருக்குக் கைராசிக்காரர் என்ற பெயர் கிடைக்கிறது. வைரஸோ கண்ணிலேயே இருக்கிறது, வாரக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் உயரக்கூடும். மருத்துவர் சீட்டில்லாமல் இதை விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் நோய் பரவும் மாதங்களில் எந்தக் கடையில் சீட்டைக் கேட்கிறார்கள்?

அப்படியானால் ஸ்டீராய்டே கூடாதா என்று கேட்பீர்கள். சிலருக்குச் சிவப்பு அடங்கிய பிறகு கருவிழியில் நுண்ணிய வெண்புள்ளிகள் தோன்றிப் பார்வை மங்கும். வேறு சிலருக்கு இமையின் உட்புறத்தில் சவ்வு படியும். அவர்களுக்குக் கண் மருத்துவர் கருவியில் பார்த்து, கண் அழுத்தத்தையும் அளந்து, ஸ்டீராய்டைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். அது அந்தக் கண்ணுக்கு, அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதப்பட்ட மருந்து. அந்தச் சீட்டையே மறு வருடம் எடுத்துப்போய் வாங்குவதும், பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுப்பதும்தான் ஆபத்து.

சென்னையின் பெயரைத் தாங்கிவரும் இந்நோய், நோயாளியின் கண்ணைப் பார்ப்பதால் ஒட்டுவதில்லை. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்குமே ஒழியப் பரவலைத் தடுக்காது. கண்ணீரும் பீளையும் பட்ட கை, துண்டு, தலையணை உறை, கைப்பேசி, கதவுக் கைப்பிடி ஆகியவற்றின் வழியாகவே இது பரவுகிறது. கணவருக்குத் தனித் துண்டும் தலையணையும் கொடுத்து, உறையைத் தினமும் வெந்நீரில் துவையுங்கள். அவர் கண்ணைத் துணிக்குப் பதில் பஞ்சால் துடைத்து, உடனே மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடட்டும். எல்லோரும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். அடினோ வைரஸுக்குச் சானிடைசர் அவ்வளவாக ஈடுகொடுப்பதில்லை. பிள்ளைகள் கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம்.

மகனுக்கு நோய் தொற்றியிருந்தால், வைரஸைப் பொறுத்து ஓரிரு நாளிலும் தெரியலாம், 12 நாள் கழித்தும் தெரியலாம். கண் சிவந்தால் தேர்வானாலும் பள்ளிக்குத் தெரிவித்து வீட்டில் வையுங்கள். சிவப்பும் நீர்வடிதலும் நின்ற பிறகு அனுப்பலாம், இதற்குப் பொதுவாக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். வலி மிகுந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். குணமான பிள்ளையிடம் சான்றிதழ் கேட்கும் பள்ளிகளுக்கு என்ன சொல்வது? அந்த ஒரு தாளுக்காக அவன் நாற்பது சிவந்த கண்களுக்கு நடுவே வெளிநோயாளிப் பிரிவில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது.