வாசகர் கேள்விகள்: தார் ஜீப்பில் முதலில் எதை மாற்றுவது?

கேள்வி: 38,000 கிலோமீட்டர் ஓடிய 2021-ஆம் ஆண்டு மஹிந்திரா தார் எல்எக்ஸ் டீசல் ஜீப்பை அண்மையில் வாங்கியிருக்கிறேன். மலைத்தோட்டப் பாதைகளிலும் ஆற்று மணலிலும் ஓட்ட ஆசை. 33 அங்குல டயர், 2 அங்குல லிஃப்ட் (வண்டியின் உடலை உயர்த்துவது), வின்ச் (உருளையில் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி), ஸ்நார்க்கெல் (இன்ஜினுக்குக் காற்று எடுக்கும் உயரக் குழாய்) எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டிவிடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: ஒரே மூச்சில் வேண்டாம். உங்கள் வண்டி எந்த இடத்தில், எதனால் நின்றுபோகிறது என்று தெரிவதற்கு முன்பே பணத்தைச் செலவழித்தால், பெரும்பாலும் தேவையில்லாத இடத்தில்தான் அது போய்ச் சேரும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பாருங்கள். அகன்ற டயரோ வின்ச்சோ இல்லாமலேயே அவை கற்கள் பெயர்ந்த அந்தப் பாதையில் நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. எந்தக் கல்லின்மேல் எந்தச் சக்கரத்தை வைக்க வேண்டும் என்பது அந்த ஓட்டுநர்களுக்கு மனப்பாடம். ஆகவே முதல் ஆறு மாதம் வண்டியை இப்போது இருக்கிறபடியே ஓட்டுங்கள். நிலத்துக்கும் அடிவயிற்றுக்கும் இடையே 226 மில்லிமீட்டர் இடைவெளி, லோ கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது), பின் ஆக்சிலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரப் பெட்டி) ஆகியவை கம்பெனியிலிருந்தே வந்திருக்கின்றன. அந்தப் பூட்டு, ஒரு பின்சக்கரம் மற்றதைவிட நன்றாக வேகமாகச் சுழன்றால்தான் விழும். சக்கரம் சுழலத் தொடங்கியதும் பதறிக் காலை எடுத்துவிடுபவருக்கு அது உதவவே உதவாது. ஆக்சிலரேட்டரை மெதுவாக, சீராக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் செலவு, காற்று இறக்கவும் ஏற்றவும் தேவையான கருவிகளுக்காக இருக்கட்டும்: அழுத்தமானி ஒன்று, 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று. சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒரு பழைய அட்டையை டயரின் அடியில் முன்னாலும் பின்னாலும் முட்டும்வரை செருகி, அந்த இரண்டு இடங்களிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு 32 பிஎஸ்ஐ காற்றை 18-க்கு இறக்கி, மறுபடியும் அளந்து பாருங்கள். தரையில் படியும் பகுதி அகலத்தில் சிறிதளவும், நீளத்தில் கண்கூடாகவும் கூடியிருக்கும். மணலிலும் சேற்றிலும் வண்டி புதையாமல் போவதற்கு இதுதான் காரணம். 15-க்குக் கீழே இறக்கினால், திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். தார்ச்சாலையில் ஏறுமுன் பழைய அளவுக்குக் காற்றை ஏற்றாவிட்டால், டயர் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு.

அடுத்தது, சிக்கிக்கொண்டால் வெளியே வருவதற்கான சாமான்கள். எடை தாங்கும் அளவு குறிக்கப்பட்ட கயிறு, ஷேக்கிள் (கயிற்றை வண்டியோடு இணைக்கும் கொக்கி வளையம்), ஒரு மண்வெட்டி, உடன் வர இன்னொரு வண்டி. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைப் போட்டு ஒருநாளும் இழுக்காதீர்கள். அந்த உருண்டை முறிந்தால் துப்பாக்கிக் குண்டுபோல எதிர் வண்டியின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும், உயிர்கள் போயிருக்கின்றன. சங்கிலியும் வேண்டாம்.

இருக்கும் டயர்கள் தேய்ந்ததும், அதே அளவிலேயே ஆல் டெரெய்ன் வகை (தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஏற்ற) டயர்களை வாங்குங்கள். 33 அங்குலம் ஏன் வேண்டாம் என்பதற்குக் கணக்கே பதில். உங்கள் 255/65 ஆர்18 டயரின் விட்டம் ஏறத்தாழ 789 மில்லிமீட்டர். 33 அங்குலம் என்பது 838. விட்டத்தில் கூடுவது 49 மில்லிமீட்டர் என்றாலும், ஆக்சில் உயர்வது அதில் பாதி, அதாவது 25 மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்கு விலையாக ஒவ்வொரு கியரிலும் இழுவை சுமார் 6 சதவீதம் குறைந்துவிடும், ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி 106-ல் போகும், பிரேக்குக்கும் சுமை கூடும்.

லிஃப்ட் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். என் பழைய ஜிப்சியை ஒரு பட்டறையில் கொடுத்து உயர்த்தினேன். இரண்டாவது வாரம், ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கியபோது இறங்கிக் குனிந்து பார்த்தேன்: சேஸிஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் பிரேக் ரப்பர் குழாய், இழுத்துக் கட்டிய கொடிக்கயிறுபோல விறைத்து நின்றது, இணைப்பு நட்டின் ஓரத்தில் எண்ணெய் துளித்திருந்தது. வண்டியை உயர்த்தியவர்கள் குழாயின் நீளத்தைப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. தாரில் முன்பக்கம் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன் என்பதால் வேறொரு சிக்கலும் சேரும்: உடல் உயர உயர, சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி, ரப்பர் உறைகள் கிழியும், மூட்டுகள் விரைவில் தேயும். இத்தனைக்கும் லிஃப்ட், பின் டிஃபரன்ஷியலை ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்துவதில்லை. அடிப்பகுதி பாறையில் உரசுகிறது என்றால், அதைவிடக் குறைந்த செலவில் கனத்த அடித்தகடு போட்டுக்கொள்வது நல்லது.

வின்ச் கடைசியில் வரட்டும். ஆட்களும் சாமான்களும் ஏறிய வண்டி 2.25 டன் என்று வைத்துக்கொண்டால், அதன் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 3.4 டன் இழுக்கும் வின்ச் வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் திறன், கயிறு பெரும்பாலும் வெளியே போய், உருளையை ஒட்டிய முதல் சுற்றடுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும்போதுதான் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பெரிய டயரையும் லிஃப்ட்டையும் நான் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் தொகைக்கும் சிக்கல் வரும்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்குப் போகும் வழியில் ஓடை ஒன்றைக் கடக்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் முழங்கால் அளவு வரும். என் ஜிப்சிக்கு ஸ்நார்க்கெல் தேவையா?
— வாசகர், கூடலூர்

பதில்: ஸ்நார்க்கெல் என்பது இன்ஜின் மூச்சுவிடும் வாயை மேலே கொண்டுபோகும் குழாய் மட்டுமே. ஆழமான நீரில் அது இன்ஜினைக் காக்கும். ஆனால் முழங்கால் நீரில் முதலில் கெடுவது ஆக்சில்தான். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கியதும், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த மூச்சுத்துளையில் ஒரு ரப்பர் குழாயை இணைத்து, இன்ஜின் அறையின் மேல்பகுதிவரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலை. மழைக்காலம் முழுவதும் மாதம் ஒருமுறை ஆக்சில் எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். தண்ணீர் கலங்கலாகவும் வேகமாகவும் ஓடும் நாளில் எந்தக் குழாயும் உதவாது, காத்திருங்கள்.

கேள்வி: ஓட்டிப் பழக, ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுப் பாதைகளைப் பயன்படுத்தலாமா?
— வாசகர், தேனி

பதில்: கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை ஓட்டிச் செல்வது குற்றம். தரிசாகக் கிடக்கும் பட்டா நிலம் வைத்திருக்கும் நண்பரிடமோ, எஸ்டேட் உரிமையாளரிடமோ அனுமதி கேட்டுப் பழகுங்கள். அரை ஏக்கர் மேடுபள்ளமும் ஒரு லோடு மணலும் போதும்.