அவுட்போர்டு என்ஜின்: எதை நாமே பார்க்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

கேள்வி: எங்கள் சிறு படகில் 40 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) இருக்கிறது. விடுமுறை நாட்களில் கடலில் ஓட்டுவதோடு சரி. வருடத்துக்கு 60 மணி நேரம் தாண்டாது. இதற்கான பராமரிப்பில் எவ்வளவு தூரம் நானே செய்துகொள்ள முடியும்?

பதில்: பெரும்பகுதியை நீங்களே செய்யலாம். 60 மணி நேரம்தானே என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த வகை என்ஜின்கள் ஓடித் தேய்வதைவிட, உள்ளே தங்கிய உப்போடும் பழைய பெட்ரோலோடும் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். கையேட்டில் ‘100 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது’ என்று போட்டிருப்பது அதனால்தான். உங்களுக்கு வருடக் கணக்கு.

கரை திரும்பியதும், ஒவ்வொரு முறையும், நன்னீரில் அலசுங்கள். கியர் பெட்டியின் இரு பக்கமும் நீர் உறிஞ்சும் துளைகள் இருக்கும். அவற்றை மூடும்படி ரப்பர் கிண்ணங்களை மாட்டி, ஹோஸைத் திறந்து, தண்ணீர் வழியத் தொடங்கிய பிறகே நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் 10 நிமிடம் ஓடட்டும். சூடேறியதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தால்தான் சிலிண்டரைச் சுற்றியுள்ள பாதைகளுக்கு நன்னீர் முழுதாகப் போகும்; இரண்டே நிமிடத்தில் நிறுத்தினால் உப்பு அங்கேயே தங்கிவிடும். என்ஜினிலேயே ஹோஸ் மாட்டத் தனி இணைப்பு இருந்தால், பெரும்பாலான மாடல்களில் என்ஜினை ஓட்டாமல்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். அந்த வழியாக வரும் தண்ணீர் கீழே உள்ள பம்ப்புக்குச் சரியாகப் போய்ச் சேராது. பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர், வறண்டு சுழன்றால் சில நொடிகளில் கருகிவிடும்.

ஓடும்போது, குளிர்நீர் ஓடுகிறது என்று காட்டப் பின்னால் பீச்சும் நீர்த்தாரையைக் கவனியுங்கள். தாரை மெலிந்தால் உடனே இம்பெல்லரைச் சந்தேகிக்க வேண்டாம். என்ஜினை நிறுத்தி, அந்த வாயில் தடித்த நைலான் நரம்பு ஒன்றை விட்டுக் குத்திப் பாருங்கள். உப்புக்கட்டியோ பூச்சிக்கூடோ அடைத்திருப்பது சகஜம்.

இம்பெல்லர் மாற்றுவது கொஞ்சம் துணிச்சல் கேட்கும் வேலை. கடலில் ஓட்டுபவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. போல்ட்டுகளைக் கழற்றி, கியர் மாற்றும் தண்டின் இணைப்பை விடுவித்தால் கீழ்ப்பகுதி தனியாக இறங்கும். அது எந்த கியரில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதே நிலையில்தான் திரும்ப மாட்ட வேண்டும். பம்ப் மூடியைத் திறந்து இம்பெல்லரை வெளியே எடுத்து மேசையில் வையுங்கள். இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்தபடியே நின்றால் ரப்பர் செத்துவிட்டது என்று பொருள். இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், அந்தத் துண்டு மேலே குளிர்நீர்ப் பாதையில் எங்கோ சிக்கியிருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புதியதை மாட்டினால் என்ஜின் மறுபடியும் சூடாகும். புதியதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, இம்பெல்லரைச் சுழற்றும் தண்டை மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே மூடியை அழுத்தி இறக்குங்கள். இதழ்கள் சரியான பக்கம் மடியும். இம்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் சின்ன உலோகத் துண்டு நழுவி விழுந்துகொண்டே இருக்கும். ஒரு பொட்டு கிரீஸ் வைத்துத் தண்டில் ஒட்டிவிட்டால் நிற்கும். தண்டின் பற்களுக்கும் கிரீஸ் தடவுங்கள், ஆனால் உச்சந்தலையில் அப்ப வேண்டாம். அங்கே கிரீஸ் தேங்கினால் தண்டு முழுதாக உட்காராது.

கியர் ஆயில் மாற்றுவது இதைவிடச் சுலபம், தெரியவரும் செய்தியோ அதிகம். என்ஜினைச் செங்குத்தாக ஒரு இரவு விட்டுவிட்டு, கியர் பெட்டியின் மேல் திருகைத் தொடாமல் கீழ்த் திருகை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் அடியில் இறங்கியிருக்கும், முதல் சொட்டிலேயே தெரியும். பிறகு மேல் திருகையும் திறந்து முழுதாக வடியுங்கள். காந்தத் திருகில் சாம்பல் நிற மாவு போல் ஒட்டியிருந்தால் கவலையில்லை, உலோகச் சில்லுகள் இருக்கக் கூடாது. பால் காப்பி நிறத்தில் ஆயில் வந்தால், தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. அப்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றி அதன் பின்னால் பாருங்கள்: பெரும்பாலும் மீன்பிடி நரம்பு சுற்றிக்கொண்டு சீலை அறுத்திருக்கும். புது ஆயிலை ஆயில் பம்ப் வைத்துக் கீழிருந்துதான் ஏற்ற வேண்டும். மேல் துளையில் குமிழி இல்லாமல் வழிந்ததும், முதலில் மேல் திருகை மூடுங்கள். அப்போதுதான் பம்ப்பை எடுத்துவிட்டுக் கீழ்த் திருகைப் போடும்வரை ஆயில் அவ்வளவாகக் கொட்டாது. இரண்டுக்கும் புது வாஷர் போடுங்கள். பழைய வாஷரில் மிச்சம் பிடிப்பது வீண்.

என்ஜின் ஆயிலில் பெரிதாக ஒன்றுமில்லை. என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்து, ஃபில்டரையும் மாற்றி, கையேட்டில் சொன்ன அளவில் 200 மில்லி குறைத்து ஊற்றி, அளவுக்கம்பியைப் பார்த்து மீதியைச் சேருங்கள். அவுட்போர்டுக்கான எஃப்சி-டபிள்யூ முத்திரை உள்ள ஆயிலே வேண்டும். துருத்தடுப்புச் சேர்மானம் அதில் கூடுதல். மாதங்கள் போகப் போக அளவு தானாக ஏறினால் மகிழாதீர்கள். மணிக்கணக்கில் மெதுவாகவே ஓட்டும் என்ஜினில் பெட்ரோல் ஆயிலோடு கலந்து அப்படி ஆகும். முகர்ந்தால் தெரியும்.

பெட்ரோல் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது டேங்க் மூடியின் காற்றுத் திருகு. நன்றாக ஸ்டார்ட் ஆகி, சில நிமிடம் ஓடி, அணைந்து, கை பம்ப் உருண்டை சப்பென்று ஒட்டிக் கிடந்தால், அந்தத் திருகைத் திறக்க மறந்திருக்கிறீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். எனவே நீர் பிரிக்கும் ஃபில்டரை வருடம் ஒன்று மாற்றுங்கள். பழையதை ஒரு கண்ணாடிக் குப்பியில் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் தனிப்படலம் தெரிந்தால் டேங்க்கையும் காலி செய்ய வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் படகை நிறுத்துவதாக இருந்தால், பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை ஊற்றி, அது கடைசிவரை போய்ச் சேர 10 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

என்ஜினுக்கு வரும் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டிகளான ஆனோடுகள் பாதி கரைந்ததும் மாற்றப்பட வேண்டும். கடலுக்குத் துத்தநாகமோ அலுமினியமோ சரி, மக்னீசியம் நன்னீருக்கு. பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அதன்மேல் பெயின்ட் அடிக்கும் ஆட்கள் உண்டு. அடித்தால் அது வேலை செய்யாது, அரிப்பு என்ஜினின் உடம்புக்குப் போகும்.

ப்ரொப்பெல்லர் பக்கம் கை போகும்முன் உருவினால் என்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை உருவி, ஸ்டார்ட் சாவியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கை வைக்கக் கூடாதவை: இன்ஜெக்டர், டைமிங் பெல்ட், கியர் பெட்டியின் உள்சீல்கள். முக்கியமாக, பால் நிற ஆயிலைக் கண்டபின் புது ஆயிலை மட்டும் ஊற்றிவிட்டு ஒரு சீசனைத் தள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கியர் பெட்டிக்குள் காற்றழுத்தம் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி மெக்கானிக்கிடம் இருக்கும். அந்தச் சோதனை முடியும்வரை படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.