பழைய கூப்பேயா, புதிய மினிவேனா?

கேள்வி: நன்கு பராமரிக்கப்பட்ட 25 ஆண்டுப் பழைய இரண்டு கதவுக் கூப்பே ஒன்றும், சில ஆண்டுகளே ஓடிய மினிவேன் ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. எனக்குக் கார் ஓட்டுவதில் மிகுந்த விருப்பம் உண்டு; வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது. ஒரு வண்டிதான் வாங்க முடியும் என்ற நிலையில் எதை வாங்கலாம்?

பதில்: ஒரே வண்டி என்றால் மினிவேனையே வாங்குங்கள். வேகத்தை இழக்கிறோமே என்று வருந்தத் தேவையில்லை. 1990களின் இறுதியில் வந்த ஹோண்டா பிரெலூட் கூப்பேயின் 2.2 லிட்டர் என்ஜின், அமெரிக்காவில் விற்ற திறன் மிகுந்த வகையில்கூட 200 குதிரைத்திறனை ஒட்டியே இருந்தது. அதே நிறுவனம் அங்கே விற்ற 2018 மாடல் ஒடிசி மினிவேனில் உள்ள 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர் வி6 என்ஜினோ 280 குதிரைத்திறன் தருகிறது. மினிவேனின் எடை இரண்டு டன்னை ஒட்டியிருப்பதால் அந்தக் கூடுதல் திறனில் பெரும்பகுதி எடையை இழுப்பதிலேயே செலவாகிறது என்றாலும், நேரான சாலையில் அது கூப்பேக்குச் சளைத்ததல்ல.

வளைவில்தான் கதை மாறுகிறது. எடை குறைவாகவும் தரையை ஒட்டித் தாழ்வாகவும் இருக்கும் கூப்பே, ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே சொன்னபடி கேட்கும். மினிவேன் முதலில் ஒரு பக்கம் சாய்ந்து, அதன் பிறகே திசை மாறும். அந்த இன்பத்துக்கு மினிவேனில் ஈடு கிடையாது.

இருப்பினும் என் முடிவைத் தீர்மானிப்பது பின்னிருக்கைதான். கூப்பேயில் குழந்தையை அமர்த்த, முன்னிருக்கையை மடக்கி, கிடைத்த இடுக்கில் குனிந்து நுழைந்து, குழந்தையைக் கையில் தாங்கியபடியே இடுப்பைத் திருப்ப வேண்டும். பின்நோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கையாக இருந்தால், முன்னால் அமர்பவரின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும் அளவுக்கு அவருடைய இருக்கையை நகர்த்தவும் நேரலாம். இந்தச் சிரமத்துக்கு அஞ்சி அந்த இருக்கையை முன்புறம் வைத்துவிடாதீர்கள். செயல்பாட்டில் உள்ள ஏர்பேக் விரிந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. மினிவேனின் நகரும் கதவோ, பக்கத்தில் வேறு வண்டி நெருங்கி நின்றாலும் முழுவதுமாகத் திறந்து வழிவிடும்.

பாதுகாப்பிலும் இடைவெளி பெரிது. வண்டி சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து நேராக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 இறுதியிலிருந்தும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. அந்தக் காலக் கூப்பேக்கள் பலவற்றில் இது இல்லை. எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் பின்னாளில் இதைச் சேர்ப்பது நடைமுறையில் இயலாது. போதாக்குறைக்கு, குறைவாக ஓடிய வண்டியிலும் சக்கர இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களும், பிரேக் திரவம் செல்லும் ஹோஸ்களும் வயதாலேயே விரிசல் விடும்.

மினிவேனை வாங்கும்முன் நகரும் கதவுகளைப் பலமுறை திறந்து மூடிப் பார்த்து, தடத்தில் திக்குகிறதா, உருளை உரசும் ஒலி வருகிறதா என்று கவனியுங்கள். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் படியுங்கள்; 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரான டயர்.