வெகுமக்கள்வாதமும் மக்களாட்சியும்: சேலம் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: இலவசத் திட்டங்களை அறிவிப்பதுதானே வெகுமக்கள்வாதம்? (அம்மாப்பேட்டை)

பதில்: இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1956இல் காமராசர் ஆட்சியில் வேரூன்றி 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவடைந்த சத்துணவு, சட்டமன்றம் நிதி ஒதுக்கி விவாதிக்கக்கூடிய ஒரு நலத்திட்டம். தேர்தல் அறிக்கையில் தரப்படும் இத்தகைய வாக்குறுதிகள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று உச்ச நீதிமன்றமும் 2013இல் கூறியது. நேர்மையான மக்கள் ஒருபுறம், அவர்களை ஏய்க்கும் மேல்தட்டினர் மறுபுறம் என்று சமூகத்தைப் பிளந்து, அந்த மக்களின் ஒரே குரல் தாமே என ஒருவர் உரிமை கொண்டாடுவதையே வெகுமக்கள்வாதம் என்கிறோம்.

கேள்வி: பெரும்பான்மை பெற்ற அரசை நீதிமன்றம் தடுப்பது மக்கள் தீர்ப்புக்கு விரோதம் அல்லவா? (ஆத்தூர்)

பதில்: வாக்களித்தவர்கள் மட்டும் மக்கள் அல்லர், எதிர்த்து வாக்களித்தவர்களும் மக்களே. ஹங்கேரியில் 2010இல் விக்டர் ஓர்பானின் அணி சுமார் 53 சதவீத வாக்குகளால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பெற்று, மறு ஆண்டே எதிர்க்கட்சிகளின் ஒப்புதல் இல்லாமல் புதிய அரசமைப்பை நிறைவேற்றியது. தேர்தல் நடந்தது, சட்டப்படியே நடந்தது. ஆனாலும் மறுத்துப் பேசுவோருக்கான இடம் சுருங்கியது. நம் மாவட்டத்தையே பாருங்கள். சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கான நில எடுப்பு அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி அவற்றை ஏற்றது. முடிவு எப்படி அமைந்தாலும், எண்ணிக்கையில் சிறுபான்மையினரான, நிலம் இழக்கவிருந்த விவசாயிகள் அரசோடு சமமாக நின்று வாதாட முடிந்தது. இந்த வாய்ப்பு பறிபோவதைத்தான் நான் அஞ்சுகிறேன். அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்துக்கு வழிவகுக்கும் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்ததும் இதனால்தான்.

கேள்வி: வெகுமக்கள்வாதத்தில் நன்மையே இல்லையா? எங்கள் மலைக் கிராமங்களின் குறையை யாராவது உரக்கச் சொன்னால்தானே கேட்கிறது. (ஏற்காடு)

பதில்: உங்கள் ஆதங்கம் முழுக்க நியாயமானது. 1892இல் அமெரிக்க விவசாயிகளின் மக்கள் கட்சி எழுப்பிய வருமான வரி, செனட் உறுப்பினர்களின் நேரடித் தேர்தல் ஆகிய கோரிக்கைகள் 1913இல் அரசமைப்புத் திருத்தங்களாயின. புறக்கணிக்கப்பட்டவர்களின் கோபம் இவ்வாறு மக்களாட்சியைச் செழுமைப்படுத்தியதும் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தை ஒரே ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, உரிமைக் கோரிக்கைகளைப் பெற்றுத் தீர்மானம் இயற்றும் முதல் அதிகாரம் கிராம சபைக்கே உரியது. அடுத்த கூட்டத்தில் உங்கள் குறையைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதைச் சபையில் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்திடுங்கள்.